நெவிலின் முதுகு

2020 மார்ச் 26, வியாழன்
காலையிலிருந்து கிளினிக் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாற்பத்தொரு பேருக்குப் போன் செய்தேன். கொரோனா அடங்கும்வரை வருடாந்திரத் தோல் பரிசோதனை கிடையாது. மச்சம் ஏதாவது மாறியிருந்தால் மட்டும் வாருங்கள் — டாக்டர் கிரெட்டா எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். இந்த ஆஸ்திரேலிய வெயிலில், பண்டபர்க்கில் வேகாத தோல் ஏது? ஆனாலும் யாரும் கோபப்படவில்லை.

நெவில் மட்டும் ஒன்று கேட்டார். கூரை வேலை செய்பவர், தனியாள்.

"முதுகுல ஒண்ணு அரிக்குதும்மா. மாறியிருக்கான்னு நான் எப்படிப் பாக்கறது?"

இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஏப்ரல் 16
காத்திருப்போர் அறையில் இரண்டே நாற்காலி, இரண்டும் காலி. நெவிலைக் கூப்பிட வேண்டும்.

ஏப்ரல் 17
கூப்பிடவில்லை.

ஜூலை 14
நெவில் வந்தார். சட்டை முதுகில் ரத்தக்கறை. டாக்டர் உடனே வெட்டி ஆய்வுக்கு அனுப்பினார்.

ஜூலை 22
மெலனோமா, தோல் புற்றுநோய். நான்கு மில்லிமீட்டர் ஆழம். மார்ச்சில் எவ்வளவு இருந்திருக்கும்?

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னிடம் கேட்டிருந்தால் அன்றே வரச் சொல்லியிருப்பேன் என்றார், மெதுவாக. திட்டவில்லை — திட்டித் தொலைச்சிருக்கலாம்.

ஆகஸ்ட் 9
பிரிஸ்பேனில் அறுவைச் சிகிச்சை முடிந்து நெவில் வந்துவிட்டார். அக்குள் நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருக்கிறதாம். ஞாயிறுகளில் கட்டு மாற்ற ஆளில்லை. எங்கள் நர்ஸிடம் கற்றுக்கொண்டு நானே போனேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30
கட்டை அவிழ்க்கும்போது சொல்லிவிட்டேன். அவர் முகம் தெரியாததால் வந்த தைரியமா?

"அன்னிக்கு டாக்டர்கிட்ட கேக்காமலே ஜூலைன்னு சொன்னது நான்தான், நெவில்."

அவர் திரும்பாமலே சொன்னார். "தெரியும் மெரில். உன் குரல்தானே."

பிறகு, "கோபமே இல்லேன்னு சொல்லமாட்டேன்" என்றார். "அந்த ஓரத்துப் பிளாஸ்திரியை நல்லா அழுத்து."

அழுத்தினேன்.

அக்டோபர் 18
காயம் முழுக்க ஆறிவிட்டது. என் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய தழும்பு. இனிக் கட்டு வேண்டாம்.

நுரையீரலில் இரண்டு புள்ளிகள் தெரிவதாக வெள்ளிக்கிழமை சொன்னார்களாம். மருந்து ஏற்றப் போகிறார்கள். கேட்குமா என்று யாரும் சொல்லவில்லை.

கத்தரிக்கோலைத் துடைத்துப் பையில் வைத்தேன்.

"அடுத்த ஞாயிறு வர்றியா?" என்றார்.

மாற்றத்தான் கட்டு இல்லையே என்றேன்.

"டீ இருக்கு."

வருவதாகச் சொன்னேன்.