தரையில் ஊன்றிய ஆப்பிள் மரம்

அன்பு மகன் தர்மாவுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே மலேசியாவில், கோப்பெங் வீட்டில் நானும் அப்பாவும் சாப்பிட்டுத் தூங்கி நன்றாகவே இருக்கிறோம், அங்கே கனடாவில் நீயும் மருமகள் தினேஸ்வரியும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவர் காதுக்குப் போகக் கூடாத சங்கதி ஒன்று இருக்கிறது, அதனால்தான் பேனாவைத் தூக்கினேன்.

இந்த ஒரு வருஷத்தில் நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். வசந்த காலமாம், ஐயா பூச்சாடியில் விதை போட்டாராம். இங்கே இருந்தபோது கொல்லையில் ஒரு புல்லைப் பிடுங்கச் சொன்னால் உனக்கு வயிற்றுவலி வந்துவிடும், இப்போது நாலு வெண்டைக்காயைத் தட்டில் அடுக்கி எட்டுப் படம். கோடை வந்ததும் காட்டில் கூடாரம் போட்டு, விறகு அடுப்பில் சமைத்து, ஆற்றில் குளித்து, கொசுக்கடி வாங்கிக்கொண்டு வந்தீர்கள், அதற்கு வாடகை வேறு கட்டினீர்களாம். சுங்காய் ரப்பர் தோட்டத்தில் உன் தாத்தா ஆயுசுக்கும் அப்படித்தான் இருந்தார், யாரும் அவரை நிற்கவைத்துப் படம் பிடிக்கவில்லை. உன்னைப் பார்த்து உன் அப்பாவுக்கும் ஆசை வந்து பக்கத்து வீட்டு ஜெயபாலனோடு போய் ஆற்றில் ரப்பர் படகு ஏறினார், அறுபத்தெட்டு வயசில். ஒரு சிலிப்பரை ஆறு கொண்டுபோனது, இரண்டு அட்டைகளை அவர் காலில் வீட்டுக்குக் கொண்டுவந்தார், ஒரு வாரம் முட்டிக்குத் தைலம் தேய்த்தவள் நான். பிறகு இலை உதிர்கிறது என்று ஒரு படம். ரப்பர் மரம் இலை உதிர்ப்பதைப் பார்க்காதவர்களா நாங்கள்? இங்கே காலம் இரண்டுதான், நாலு மணிக்கு மழை வரும், இல்லாவிட்டால் வராது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் நீ ஆப்பிள் கன்றை வைத்தாய், தரையில் குழி வெட்டி வைத்தாய், அது உன் அப்பாவுக்குத் தெரியாது. லயத்து வரிசை வீட்டுக் கூலிச் சனம் என்ன பயிர் வைக்கும் என்று தோட்டத்தில் பிறந்த உனக்குத் தெரியாதா? மிளகாய், கத்தரி, பப்பாளி, ஒரு வருஷத்துக்குள் காய்ப்பது மட்டும்தான். மரம் காய்ப்பதற்குள் நம்மை எந்தத் தோட்டத்துக்கு மாற்றுவார்களோ யார் கண்டது. அதனால்தான் இந்த வீட்டை வாங்கியதும், கேட் போடுவதற்கு முன்பே, உன் அப்பா பின்னால் காய்க்க வருஷக்கணக்காகும் ரம்புத்தான் பழக் கன்றை நட்டார். இனிமே நம்மள யாரும் கெளப்ப முடியாது லா என்று அவர் சொன்னதை நீயும் பக்கத்தில் நின்று கேட்டாய். கனடா போன எட்டு வருஷமும் கறிவேப்பிலையிலிருந்து எல்லாவற்றையும் பூச்சாடியிலேயே வளர்த்தாய். ஒவ்வொரு படத்தையும் அவர் ஜெயபாலனிடம் நீட்டி, பாத்தியா, பூச்சாடியிலதான் வைக்கிறான், வந்துருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆப்பிள் காய்க்க எத்தனை வருஷம் என்று அப்பா குளிக்கப் போன நேரத்தில் நான் போனில் கேட்டபோது, நாலஞ்சு ஆகும்மா என்று வெகு சாதாரணமாகச் சொன்னாய். பெரிய படிப்புப் படித்தவனே, நீ என்ன சொன்னாய் என்று உனக்காவது தெரிந்ததா?

போன வாரம் வந்த, ஆப்பிள் கன்று பனியில் நிற்கும் படத்தை அப்பா கண்ணாடி போட்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். எங்க பூச்சாடியக் காணோம் என்றார். பனி மூடியிருக்கு, அதான் தெரியல என்று சொல்லிவிட்டேன். அம்மாம் பெரிய பனியா லா என்று கேட்டுவிட்டு ரம்புத்தானுக்கு உரம் வைக்கப் போய்விட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

வைத்தது வைத்ததாகவே இருக்கட்டும், பிடுங்கித் தொலைக்காதே. கன்றுக்குப் பக்கத்தில் கம்பு ஊன்றிப் பழைய துணியால் தளர்வாகக் கட்டு, கயிற்றைப் போட்டு இறுக்காதே. முதல் பழத்தைச் சாமிக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். நீயும் தினேஸ்வரியும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பனி உருகிய பிறகு அந்த மரத்தைப் படம் எடுத்தால் பாதிக்கு மேலே எடு. அடி தெரிய வேண்டாம்.

உன்னைத் திட்டிக்கொண்டே நினைத்திருக்கும்
அம்மா வீரம்மா