செவ்வாய்க்கிழமையை நகர்த்தியவர்

இன்று காலை மேனேஜரிடமிருந்து வந்த மெயிலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. உன் நாற்காலியில் புதிதாக உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மெயில்பெட்டியையும் காலண்டரையும் தனக்குத் திறந்துவிட வேண்டுமாம், திருத்தும் உரிமையோடு, "பழையபடி". அந்தக் கடைசி வார்த்தையைப் படித்ததும் வாயில் இருந்த டீ கசந்துவிட்டது. அவருக்கு நீ செத்துப்போனது ஒரு பாஸ்வேர்டு மாறிய மாதிரிதான்.

யாருடைய பெட்டியை யார் திறக்கலாம், யாருடைய காலண்டரில் யார் கை வைக்கலாம் என்று சர்வரில் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு வேலை. உனக்கு அது தெரியாதா என்ன? கம்பெனி வேனில் கிருமாம்பாக்கத்திலேயே ஏறி எனக்கு இடம் பிடித்து வைப்பாய். நான் ஏம்பலத்தில் ஏறுவதற்குள் அதற்காக யாரிடமாவது சண்டையும் போட்டு முடித்திருப்பாய். மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்று அந்த வேனில்தான் என் காதில் சொன்னாய். பெரிய டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவாராம் என்றாய். அன்றே ஆபீஸ் காலண்டரில் செவ்வாய் காலையை 'ஆஸ்பத்திரி' என்று எழுதி அடைத்து வைத்தாய். அதைப் பார்த்தால் மேனேஜர் அந்த நேரத்தில் மீட்டிங் வைக்க மாட்டார் என்று உனக்கு நம்பிக்கை. நம்பிக்கையாம்!

அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, மவுஸால் பிடித்து அதை வியாழனுக்கு இழுத்துவிட்டார். இவர் இழுத்தால் டாக்டரும் கூடவே வந்துவிடுவார் என்று நினைப்பு. செவ்வாயன்று நீ ஆடிட் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தாய். வியாழன் காலை உன் போனில் காலண்டர் மணியடித்ததும் பஸ் ஏறிப் போய், சீட்டு கொடுக்கிற இடத்தில் அந்த டாக்டர் இன்றைக்கு வர மாட்டார் என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தாய்.

"இன்னாடி இது, அறிவு இருக்குதா உனக்கு?" என்று கத்தினேன்.

"அவுரே மாத்தி வச்சிருக்காருன்னா, ஆஸ்பத்திரில கேட்டுட்டுதான் மாத்தியிருப்பாருன்னு நெனச்சேன்டி" என்றாய். உன்னையே ஒரு வார்த்தை கேட்காத மனுஷன், ஆஸ்பத்திரியைக் கேட்டிருப்பாராம்.

அப்போதே சொன்னேன், அவருக்குப் பார்க்க மட்டும் விட்டுவிட்டுத் திருத்தும் உரிமையை எடுத்துவிடுகிறேன் என்று. காலண்டர் உன்னுடையது. நீ தலையாட்டினால் போதும், வேறு யாரிடமும் நான் கேட்க வேண்டியதில்லை.

"வேணாம்பா, கோச்சிக்குவாரு. அடுத்த செவ்வா போய்க்கிறேன். கட்டி எங்க ஓடிடப் போவுது?"

அது ஓடவில்லைதான். அடுத்த செவ்வாயையும் இழுத்தார், அதற்கடுத்ததையும் இழுத்தார். எனக்கு மண்டை காய்ந்துபோய், என் காலண்டரில் எல்லாச் செவ்வாய்க் காலையையும் உன் பேர் போட்டு அடைத்தேன். அதில் கை வைக்க எவருக்கும் உரிமை கிடையாது. அவர் முன்னால் போய் நின்று, "இவளக் கூட்டிக்கினு போறேன் சார்" என்று சொல்லிவிட்டு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நாள் என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

உனக்கு வந்த மாலைகளிலேயே மேனேஜர் போட்டதுதான் பெரியது. "எங்க குடும்பத்துல ஒருத்தி" என்று உன் அம்மாவிடம் சொன்னார். அந்த மாலையைப் பிய்த்து அவர் மூஞ்சியிலேயே எறியலாம் போல இருந்தது. உன் அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதற்காகத்தான் சும்மா நின்றேன்.

உன் மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை. கேன்டீனில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நேற்றைய குழம்பை ஊற்றினார்கள் என்று அவ்வளவு பெரிய சண்டை போட்டவள்தானே நீ? உனக்கென்று வந்தபோது மட்டும் அந்த வாய் எங்கே போனது?

புதிதாக வந்தவள் மாசமாக இருக்கிறாள், இது ஆறாவது மாதம். செக்கப் தேதிகளை எல்லாம் உன்னைப் போலவே ஆபீஸ் காலண்டரில்தான் போட்டு வைத்திருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு, சார் இதில் திருத்துவதற்கு உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

"குடுக்கலன்னா கோச்சிக்குவாராக்கா?"

அவளை உட்கார வைத்தேன். பிறகு உன்னைப் பற்றி எல்லாம் சொன்னேன், நீ வீணாகப் போய் வந்த அந்த வியாழக்கிழமையையும் சேர்த்து. வயிற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "பாக்க மட்டும் வுடுங்கக்கா, போதும்" என்றாள். அப்படியே செய்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. "அந்தம்மா இருந்தப்ப குடுத்திருந்தாங்களே?"

"குடுத்தாங்க சார். அதனாலதான் இப்ப அவங்க இல்ல."

போனை வைத்துவிட்டேன். எனக்கு மெமோ வந்தாலும் வரும், வரட்டும்.

என் காலண்டரில் செவ்வாய்க் காலை இன்னமும் உன் பேரில்தான் அடைபட்டிருக்கிறது. யார் பார்த்தாலும் நான் காலியாக இல்லை என்றுதான் காட்டும். வாராவாரம் மணியடிக்கும்போது, "அறிவு கெட்டவளே, கிளம்புடி" என்று உன்னை ஒருமுறை திட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுகிறேன்.