அம்மாவைக் குளிப்பாட்ட வருகிறவள்

தேற்றாத்தீவு,
ஆவணி 2010.

அன்பு மகள் கேதீஸ்வரிக்கு,

கொம்புச்சந்திப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் உங்கள் பேரைச் சொல்லித்தான் கும்பிடுகிறேன். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் சிறுபோக நெல் வெட்டுத் தொடங்கிவிட்டது, காற்று வாவிப் பக்கமிருந்து வீசினால் இங்கேயும் வைக்கோல் மணக்கிறது. போன கிழமை நீ தொலைபேசியில் எடுத்து, என்னப்பா சபைக் கூட்டத்தில எழும்பி நிண்டு கதைச்சீங்களாம் என்று சிரித்தாய். எனக்கு முகம் சுருங்கிப்போனது உனக்குத் தெரிந்திராது. அம்மாவைப் பார்க்க வருகிற சபீனா சொன்னாளாம். என் வாயால் நான் பேசிய பேச்சை உனக்குச் சொல்ல என்னை முந்திக்கொண்டு அவள் போய்விட்டாள். அவள் சொன்னதை ஒரு பக்கம் வைத்துவிட்டு இனி நான் எழுதுவதை வாசி.

சண்டை முடிந்து சனம் மூச்சு விட்ட நேரத்தில்தான் அம்மாவுக்கு வலப்பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் போனது, அதெல்லாம் நீ அறிவாய். அதன்பிறகு அவளைத் தூக்கியது, குளிப்பாட்டியது, சோறு குழைத்துத் தீத்தியது எல்லாம் இந்த இரண்டு கைதான். சேலை உடுத்திவிடத் தெரியாமல் பெரிய சட்டை தைப்பித்துப் போட்டேன். வட்டையில் இருந்த வயற்காணியைக் குத்தகைக்குக் கொடுத்தேன். அவள் கண்ணை எந்தப் பக்கம் திருப்பினால் தண்ணீர், எந்தப் பக்கம் திருப்பினால் படுக்கை நனைந்துவிட்டது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் எனக்கொரு பெருமையும் இருந்தது என்று வைத்துக்கொள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன காலத்திலிருந்து நிறுவனங்கள் வருவதும் போவதுமாக இருந்ததை நீ பார்த்தவள்தானே. ஒரு நிறுவனம் சக்கர நாற்காலி தரும், அது நம்முடைய வாசல் மணலில் புதையும், இன்னொரு நிறுவனம் வந்து அதே மாதிரி இன்னொரு நாற்காலி தரும். பக்கத்து வீட்டு இரத்தினம்மா அக்காவுக்கு ஊன்றுதடி மூன்று கிடைத்தது, மலசலகூடத்தில் பிடித்துக்கொண்டு எழும்ப ஒரு கம்பி கிடைக்கவில்லை. இந்த வருடம்தான் பிரதேச சபையும் செயலகமும் சேர்ந்து, இனி எல்லாரும் எங்கள் மூலமாகத்தான் செய்ய வேண்டும், வீட்டைப் பார்த்து ஆளைக் கேட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். சமூக சேவை உத்தியோகத்தர் நம் வீட்டுக்கே வந்து கதிரையைப் போட்டு இருந்து கதைத்தார். கொஞ்ச நாளில் வாசலுக்குச் சரிவு கட்டினார்கள், கிணற்றடியில் கம்பி பூட்டினார்கள். அதோடு அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்திவிடச் சபீனாவும் வந்து சேர்ந்தாள்.

காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை. அவளுடைய உம்மாவைக் கடல் கொண்டுபோனது, அதற்குப் பிறகு முகாமில் இருந்த வயதானவர்களைப் பார்த்துப் பார்த்தே இந்த வேலையைப் பழகினவள். காலையில் பஸ்ஸில் வந்து மத்தியானத்தோடு போய்விடுவாள். இரத்தினம்மா அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, என்ன தம்பி, அவங்கட ஆக்கள் வந்து நம்மட ஆக்களக் குளிப்பாட்டுறதா என்று கேட்டார். எனக்கு அது பிரச்சினை இல்லை. யார் வந்திருந்தாலும் எனக்குப் பிரச்சினைதான். முதல் நாளே, ஐயா நீங்க கொஞ்சம் வெளிய இரிங்க என்று என்னை அறையை விட்டு அனுப்பினாள். என் வீட்டில், என் பெண்சாதி படுத்திருக்கும் அறைக்கு வெளியே, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுகிறவன் மாதிரிப் பாசாங்கு செய்துகொண்டு நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மாவின் சிரிப்பு. வாதம் வந்த பிறகு நான் அதைக் கேட்டதேயில்லை. சந்தோசப்பட வேண்டிய ஆள் நான், எனக்கோ நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்துத் தேய்த்தது போல எரிந்தது. வெளியே கூட்டிவந்தபோது பார்த்தால் அம்மா சேலை உடுத்து, பொட்டு வைத்து, தலை பின்னி இருக்கிறாள். எப்படி ஐயா இருக்கு என்று சபீனா கேட்கிறாள், நான் ம் என்றுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

பிறகு அவள் அம்மாவுக்குப் பேச்சுப் பழக்கத் தொடங்கினாள். விளக்கை ஊதச் சொல்வாள், உதட்டைக் கூட்டி மூடித் திறக்கச் சொல்வாள், பிள்ளைகளுக்குப் பாடுகிற பாட்டெல்லாம் பாடுவாள். ஒருநாள் குசினிக்குள் ஓடிவந்து, ஐயா அம்மா கதைச்சிட்டா என்றாள். என் பேரையோ உன் பேரையோ சொல்லியிருப்பாள் என்று நான் கரண்டியோடு ஓடினேன். நான் வைத்த மீன் சொதியை இடக்கையால் தள்ளிவிட்டு அம்மா உப்பு என்றாள். இத்தனை நாளும் என் சமையலில் உப்புக் காணாமல் இருந்ததை இன்னொருத்தியிடம்தான் முறையிட்டிருக்கிறாள். அதற்குமேல் நீயும் சேர்ந்தாய். என்னோடு சுகம் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய், அவளோடு மணிக்கணக்காகக் கதைக்கிறாய். நீயும் அங்கே முதியோர் இல்லத்தில் இதே வேலைதான், படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டுவது, மருந்து குடிக்க மறுத்தால் எப்படிச் சமாளிப்பது என்று உங்களுக்குள் தொழில் கதை, நான் யாரோ. நீ அனுப்பிய படத்தில் டொரத்தி என்ற அந்தக் கிழவியின் தலையை வாரிவிடுகிறாய், அவள் கண்ணை மூடிச் சுகம் கண்டுகொண்டிருக்கிறாள். பெற்ற தாய் இங்கே கிடக்க என் பிள்ளையின் கை அந்தத் தலையில் கிடக்கிறதே என்று அந்த மனுசி மேலும் எரிச்சல்பட்டேன். அவளுக்கும் எங்கேயோ ஒரு மகள் இருப்பாள், அவள் உன் பேரைக் கேட்டு என்னைப் போல எரிந்துகொண்டிருப்பாளோ என்று பிறகுதான் நினைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கூட்டம் வந்தது. சபீனா போன்றவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற நிறுவனம் ஆடி மாதத்தோடு போகிறதாம். இனிச் சபையே இதை ஏற்று நடத்துமாம், ஆனால் தனியாக இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் ஆள் அனுப்ப முடியுமாம். புருஷனோ பெண்சாதியோ பிள்ளையோ இருக்கிற வீடுகளுக்கு அனுப்புவதை நிற்பாட்டலாமா என்று சனத்தைக் கேட்கப்போகிறார்கள் என்றார்கள். எனக்கு நல்லதாய்ப் போயிற்று. அவளை வேண்டாமென்று சொல்லிப் பழி கேட்கத் தேவையில்லை, எங்கட வீட்டில நான் இருக்கிறன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சேட்டை மினுக்கிப் பொத்தானெல்லாம் பூட்டிப் போட்டுக்கொண்டு அம்மாவிடம் போய், இனி அந்தப் புள்ள வரத் தேவையில்ல, பழையபடி நானே குளிப்பாட்டுவன் என்றேன். அம்மா என் சேட்டைப் பிடித்துக்கொண்டாள். இடக்கையில் அவ்வளவு பலம் இருக்குமென்று நான் நினைக்கவில்லை. வேணா என்றாள். ஏன் வேணா, என்னை விட அவள் நல்லாச் செய்யிறாளா என்று கோபத்தோடுதான் கேட்டேன். அவளுக்கு வாய் கோணிக்கொண்டு போனது, சொல்லுக்குப் பதிலாக எச்சில் வந்தது. நான் துடைக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டுச் சேலைத் தலைப்பால் தானே துடைத்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். வெக்கம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நீங்க புருசன் என்றாள். அதற்குப் பிறகு, குளிச்சு, உடுத்து, இருக்கக்குள்ள வாங்க என்றாள். அந்த ஒரு வசனத்துக்கு அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

நான் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து குளித்து உடுத்துத் தலை துவட்டாமல் என் முன்னால் வராதவள் மகள் அவள். கடல் வந்த அன்று பூவரசங்கொப்பில் கிடந்து உடுப்பெல்லாம் கிழிந்துபோன நேரத்திலும், முதலில் உங்கட சேட்டக் கழட்டி எறிங்க என்று கேட்டு வாங்கிப் போட்ட பிறகுதான் மரத்தை விட்டு இறங்கினாள். அப்படிப்பட்டவளை நான் நாள்தோறும் கழுவித் துடைத்தேன். அந்த நேரமெல்லாம் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புவாள், நான் அதை நோவென்று நினைத்தேன். அவள் கண்ணசைவெல்லாம் தெரியும் என்று பெருமைப்பட்டவனுக்கு அது தெரியாமல் போயிற்று.

சபை மண்டபத்தில் தவிசாளரும் சமூக சேவை உத்தியோகத்தரும் முன்னால் இருந்தார்கள். வீட்டில் ஆள் இருக்கிறவர்களுக்கு இது தேவையா என்று கேட்டார்கள். தேவை என்று சொன்னால், பெண்சாதியைப் பார்க்காத புருஷன், தாயைப் பார்க்காத பிள்ளை என்று ஊர் சொல்லுமே. நான் எழும்பினேன். என்ட பெண்சாதியத் தூக்க எனக்கு ஏலும், சோறு தீத்த ஏலும், ராவு முழுக்க முழிச்சிருக்கவும் ஏலும், ஆனா என்ட கையால குளிக்க அவக்கு வெக்கமாம், படுத்துக் கிடக்கிற பொம்புளைக்கு வெக்கம் இருக்கப்படாதா, வீட்டில ஆள் இருக்கா எண்டு எங்களக் கேக்காதீங்க, என்ன வேணும் எண்டு அவங்களக் கேளுங்க என்றேன். பின் வரிசை வாங்கில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போதுதான் இரத்தினம்மா அக்கா தடியை ஊன்றி எழும்பினார். மகனின் ஆட்டோவில் வந்தவர், மகன் வெளியே நின்றான். என்னையும் என்ட மகன்தான் கழுவுறான், அவன் நல்ல புள்ள, ஆனா ஒவ்வொரு நாளும் எனக்குச் செத்திரலாம் போல இருக்கு, ஆரெண்டாலும் சரி ஒரு பொம்புளைய அனுப்புங்க என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை மகள். தனியே இருக்கிறவர்களுக்குத்தான் நாள்தோறும், நம்மைப் போன்ற வீடுகளுக்குக் கிழமையில் மூன்று நாள் என்று முடிவாயிற்று. ஆனால் யாரை அனுப்புவது, எதற்கு அனுப்புவது என்று முதலில் நோயாளியையே கேட்பார்களாம். சபீனா வராத நாட்களில் வாளியையும் துணியையும் அம்மாவின் கைக்கு எட்ட வைத்துவிட்டு நான் வெளியே போய்விடுகிறேன். முடிந்ததை அவளே துடைக்கிறாள், கூப்பிட்ட பிறகு உள்ளே போகிறேன்.

எரிச்சல் போய்விட்டதா என்றால் போகவில்லை. இது நோன்பு மாதம், சபீனா பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் வெயிலில் வருகிறாள், அம்மா அவளுக்காக மனம் நோகிறாள், எனக்கு வயிறு வலித்தபோது இவ்வளவு நொந்தாளா என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனாலும் பஸ் நிற்குமிடத்துக்குப் போகும்போது என் குடையைக் கொடுத்தனுப்பினேன். நீ அங்கே பாரமான ஆட்களைத் தனியே தூக்காதே, இடுப்பு நாரி பிடித்தால் உன்னைப் பார்க்க யார் இருக்கிறார்கள். காலுக்குச் சொக்ஸ் போடாமல் இருக்காதே. டொரத்தி அம்மாவுக்கும் நான் சுகம் கேட்டதாகச் சொல்லு.

உனக்கும் மருமகனுக்கும் பிள்ளையார் எந்தக் குறையும் வைக்க மாட்டார், நிறைந்த ஆயுசோடு இருங்கள். ஒன்றை மட்டும் மறவாதே. வாற ஞாயிறு சபீனாவின் போனுக்கு எடுக்காதே, என்னுடைய போனுக்கு எடு. நேற்றுப் பின்னேரம் கிணற்றடியில் அம்மா உன் பேரைச் சொன்னாள், கேதி என்று அரைவாசிதான் வந்தது, நான் பக்கத்தில் நின்றேன். சபீனாவுக்கு இது இன்னும் தெரியாது. நீயும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சா. வினாயகமூர்த்தி