கட்டிங் மிஷினுக்கு ஆசைப்பட்ட பேச்சி

பிரியமுள்ள மதினிக்கு,

நீங்க நெஞ்சுவலியில் கண்ணை மூடினபிறகு, திருத்தங்கல் பிரஸ்ஸில் உங்க பைண்டிங் செக்‌ஷனை என்னையே பார்த்துக்கச் சொல்லிட்டார் முதலாளி. அண்ணன் இப்போ வேளாவேளைக்குச் சாப்பிடுறான், கவலைப்படாதீக. முதலாளி செல்போன் வாங்கிட்டார். திட்டுறதுக்கு இப்பல்லாம் நேரில் வருவதில்லை.

பேச்சியைப் பற்றித்தான் உங்ககிட்டச் சொல்லணும். ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் வருமே, வாய்த்துடுக்கான பிள்ளை, அவதான். நோட்டுத் தாளைக் கோணல்மாணலாக மடித்துப் போட்டாள். கேட்டால் எதிர்த்துப் பேச்சு. பள்ளிக்கூட நோட்டு சீசன் தொடங்கின நேரம் வேறு. "அந்தப் பிள்ளையை நிறுத்திரு" என்றார் முதலாளி. கொஞ்சம் பொறுங்கன்னு தவணை கேட்டு வாங்கினேன்.

அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன், அவ்வளவுதான். முதலில் முகத்தைத் திருப்பிக்கிட்டாள். பிறகு ஒருநாள் அவளாகவே சொன்னாள்.

"அக்கா, எனக்கு மடிக்கிற வேலையே பிடிக்கலை. கட்டிங் மிஷின்ல நிக்கணும். அம்புட்டுத் தாளும் ஒரே வெட்டுல விழுறதைப் பாத்துக்கிட்டே இருப்பேன். இங்கன கை கோணிப் போயிருது."

மதினி, எத்தனை வருஷமா அந்த மிஷின் பக்கத்துலயே இருந்தோம்? நம்மில் ஒருத்திக்காவது அந்த ஆசை வந்ததா? வந்திருந்தாலும் யார் கேட்டிருப்பா?

பேச்சிக்கு வேலை பழக்கிவிடச் சொல்லி, கட்டிங் மிஷின்காரர் முருகேசண்ணனிடம் போனேன். "விரல் போனா யாரு பதில் சொல்றது?" என்றார். நியாயமான பயம். ஆனால் தன் இடம் போயிருமோங்கிற பயமும் அவர் முகத்தில் தெரிந்தது.

"அண்ணே, அவ உங்க ஆளாத்தான் இருப்பா. தேறிட்டான்னு நீங்க சொல்ற வரைக்கும் கத்தியை இறக்க விடமாட்டேன்."

கத்தியை ஒரு தடவை துடைச்சு வச்சார். "தலைமுடியை நல்லா முடிஞ்சுக்கிட்டு வரச்சொல்லு" என்றார்.

வாய் ஓயாத பிள்ளை, அவர் பக்கத்தில் நிற்கும்போது மூச்சுக்கூட விடாது. அவர் திட்டினாலும் தலையாட்டிக்கிட்டே கேட்டுக்கும்.

வைகாசியில் முருகேசண்ணன் மஞ்சள்காமாலையில் படுத்துட்டார். வெட்டாத நோட்டு மலையாக் கிடக்குது, வாசலில் லாரி நிக்குது. லோடு போகலைன்னா ஆர்டர் கைமாறிரும். நம்ம செக்‌ஷனே வீட்டுக்குப் போகணும். முதலாளி பதறிப்போய் முருகேசண்ணனோட பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டார்.

"மிஷின்ல பேச்சியை நிக்கவைங்க. நான் பழக்குன ஆளு" என்றாராம் அவர்.

கத்தி முதல்தடவை இறங்கும்போது நான் அவ விரலையே பார்த்துக்கிட்டிருந்தேன். பேச்சி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நோட்டு ஓரத்திலும் பிசிறில்லை. சாயங்காலம் லோடு போயிருச்சு. முதலாளி நேரில் வந்தார், திட்டுறதுக்கு இல்லை, பார்க்கிறதுக்கு. முருகேசண்ணன் தேறி வந்ததும் முதலில் அவள் வெட்டின ஓரத்தைத்தான் தடவிப் பார்த்தார்.

இப்போ நம்ம பைண்டிங்ல நூல் தைக்கிற ஜோதி யாரோடும் பேசுறதில்லை. அவளை அனுப்பிட்டு வேற ஆள் போடச் சொல்றார் முதலாளி. அவளுக்கு என்ன வேணும்னு எனக்கு இன்னும் தெரியலை. அது தெரியாமல் அவளை அனுப்ப மாட்டேன் மதினி.

உங்க நாத்தனார்,
தங்கம்