வெல்லம் கரைத்த தொட்டி

நிலவுத்தள மருந்தாலை, கழிவுநீர்ப் பிரிவு
பதிவு செய்பவர்: முனைவர் சுகிர்தா

திங்கள், காலை 7.10

இரண்டாம் தொட்டியின் நுண்ணுயிர்கள் ஏன் மருந்தைத் தின்பதை நிறுத்தின? எனக்குத் தெரியவில்லை. காற்று, வெப்பம், அமிலத்தன்மை எல்லாம் சரியாக இருக்கின்றன.

பின்னால் படிப்பவருக்காக: இங்கே தயாராவது, அறுவைக்கு முன் நோயாளியின் பயத்தைப் போக்கும் மருந்து. அதன் கழிவுநீரில் கலந்துவரும் மருந்தை இந்த நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க வேண்டும். அப்படிச் சுத்தமான நீர்தான் ஆலைக்கும், கூடத்தில் வசிக்கும் தொழிலாளர் எட்டுப் பேர் குடிப்பதற்கும். நான் ஆய்வகத்தில் காய்ச்சி வடித்ததைக் குடிக்கிறேன். அது ஒருவருக்குத்தான் போதும். கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

செவ்வாய், பகல் 2.30

காரணம் தெரிந்தது. தொட்டியைக் கவனிக்கும் செல்வின் இன்டர்காமில் சொன்னது:

"பூச்சியெல்லாம் சோர்ந்து கெடந்துச்சுக்கா. சமையல் வெல்லத்தக் கரைச்சு ஊத்துனேன். தூத்துக்குடியில எந்த பிளாண்ட்லயும் இதானே வைத்தியம்?"

வைத்தியம்தான், புதுத் தொட்டிக்கு. இங்கே வெல்லம் கிடைத்ததும் அவை மருந்தைத் தொடவில்லை. குடிநீரில் மருந்து இருக்கிறது. அளவு ஏறிக்கொண்டே போகிறது.

செவ்வாய், மாலை 6.05

கூடத்துச் சுவரில் எங்கோ கசிவு. காற்றழுத்தம் மெல்ல இறங்குகிறது. அபாய மணி அடிக்கிறது. நடுக்கதவைத் திறந்து ஆய்வகப் பக்கம் வந்துவிட்டால் தப்பலாம். தாழ் அவர்கள் பக்கம்.

"செல்வின், எல்லாரையும் கூட்டிட்டு வாப்பா."

"வாறோம்க்கா, என்ன அவசரம்? கேரம் ஆட்டம் முடியட்டும். இந்த மணிகூட நல்ல தாளமாத்தான் அடிக்கி."

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள்.

செவ்வாய், மாலை 7.40

மறுபடி மறுபடி கூப்பிட்டேன். வருகிறோம் என்கிறார்கள். வரவில்லை. கூடத்துக்குப் போகும் குடிநீர்க் குழாயை அடைத்துவிட்டேன். மருந்து உடம்பில் அதிக நேரம் தங்காது. காலைக்குள் பயம் திரும்பும், பயந்தால் வருவார்கள். காற்று நாளை முற்பகல் வரை தாங்கும்.

பூமியிலிருந்து பதில்: "சரியான முடிவு. தொடரவும்."

எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. வேறு வழியும் இல்லை.

புதன்

நடந்தது இது.

பயம் திரும்பியது. பழைய அளவில் அல்ல. மருந்து அமுக்கி வைத்திருந்தது அத்தனையும் ஒரே நேரத்தில். திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். படித்திருக்கிறேன். நேற்று நினைவுக்கு வரவில்லை.

அவர்கள் கதவைத் திறக்கவில்லை. கட்டில், மேசை, கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்து அதன்மேல் சாத்தினார்கள்.

"செல்வின், நான்தான். கதவத் திற. இந்தப் பக்கம் காத்து இருக்கு."

"யக்கா கொரல்ல பேசாத! நீ யாருன்னு தெரியும். ஒருத்தரும் கிட்ட போயிராதீங்கலே!"

அவன் மகள் பெயரைச் சொன்னேன். மெர்லின் காத்திருப்பாள் என்றேன்.

"எம்மா... புள்ள பேரு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

அதன்பின் அலறல்தான். காலை பத்து மணிக்கு மேல் அதுவும் குறைந்தது.

கடைசியில் அந்தப் பக்கமிருந்து யாரோ ஒருவர் கதவை மெல்லத் தட்டினார். நானும் திரும்பத் தட்டினேன்.

உடனே அந்தப் பக்கம் தட்டுவது நின்றுவிட்டது.