ரயில் நிற்கும் ஊர்

பூவேரிப்பாக்கம்,
வாலாஜாபாத் வழி,
8-6-1979

அன்பு மகள் ஏலவார்குழலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். சௌக்கியமா என்று கேட்காதே, இந்த ஊரில் இருந்துகொண்டு எப்படிச் சொல்வது? கரக்பூரில் நீயும் ஐசக்கும் நன்றாக இருந்தால் போதும். மூன்று வருஷமாக அப்பாவுக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தேன். இது அவருக்குத் தெரிந்தே எழுதுகிற கடிதம்.

நம் ஊரில் இனி ரயில் நிற்காது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஒட்டாமல் என்ன செய்வார்கள்? வண்டி கொள்ளாமல் ஆள் ஏறுகிறது, டிக்கெட் வாங்குகிற ஆளைத்தான் காணோம். கேட்டால், நம்ம ஊரு வண்டிக்கு எதுக்கு டிக்கெட் என்கிறார்கள். இனிமேல் நெய்த புடவை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வாலாஜாபாத்துக்கு நடக்கட்டும். உத்திரமேரூர் பஸ்ஸைத்தான் உனக்குத் தெரியுமே, வந்தால் வந்தது.

உடனே ஒரு கமிட்டி. தலைவர் யார், ரைஸ்மில் தாண்டவராயன்தான். முதல் கூட்டத்தில் மனுவைப் பற்றி ஒரு பேச்சில்லை. வெள்ளைக்காரனிடம் கேட்டு இந்த ஸ்டேஷனை வாங்கித் தந்தது யாருடைய தாத்தா என்று அடிதடி. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. எஞ்சின் நின்றது நம் ஏரித் தண்ணீருக்காக. நின்ற இடத்தில் டீக்கடை வந்தது, தெரு வந்தது, சந்தை வந்தது. இதில் எந்தத் தாத்தா எதைக் கிழித்தார்?

காலனி ஆட்களிடம் யாரும் கையெழுத்து கேட்கவில்லை. உன் மாமியார் மேரி நேராகக் கூட்டத்துக்கே வந்துவிட்டாள். தண்டவாளத்துக்கு மண்ணு கொட்னது எங்க தாத்தனுங்க, கையெழுத்துப் போட மட்டும் நாங்க ஆவாதா என்று கேட்டாள். கடைசியில் மெட்ராசுக்கு மனு கொண்டுபோக மூன்று பேர் என்று முடிவானது. தாண்டவராயன், நெசவாளர் பக்கம் உன் அப்பா, காலனிப் பக்கம் மேரி. என் தலையெழுத்தைப் பார்.

போகிற வழியெல்லாம் சண்டையாம். உன் பிள்ளைதான் என் பெண்ணைக் கெடுத்தான் என்று இவர் சொல்ல, உம் பொண்ணுதான்யா எம் புள்ளைய இட்டுகினு பூட்டா என்று அவள் சொல்ல, பெட்டியில் இருந்தவர்களெல்லாம் இவர்களையே வேடிக்கை பார்த்தார்களாம். வயசுக்குத் தகுந்த புத்தி வேண்டாமா?

அங்கே அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, இந்த ஊருக்கு யார் வந்து இறங்கப்போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். தாண்டவராயன் தன் தாத்தாவை ஆரம்பித்திருக்கிறார். அவர் முடிப்பதற்குள் உன் அப்பா எழுந்து, எம் பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தா அங்கதான் சார் எறங்கணும் என்றாராம். அதோடு உட்கார்ந்துவிட்டாராம். மேரிதான் மீதியைப் பேசி முடித்தாளாம்.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்வாரா? ஆறு மாசம் வண்டி நிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க என்று மட்டும் சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கிவிட்டார். மறுநாள் மேரி நம் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். உள்ளே வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனாள். உன் அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் ஒரு இழைகூட ஓட்டவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஸ்டேஷன் விஷயத்தை மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறார். அதைத்தான் எழுதியிருக்கிறேன். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை இந்தப் பக்கம் வந்து, கரக்பூரில் வேலை செய்கிறவர்களுக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். யாருக்கென்று சொல்லவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. நீயே வந்து சொல்லிவிடேன், கண்ணு.

இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானசுந்தரி