மலையில் இளைப்பாறுகிறவர்கள்

மார்ச் 3, 2001, சனி. பிளசன்டன்

காலையில் தூறல், பிறகு வெயில். துணி மடிக்கவில்லை. பக்கத்துத் தெரு கராஜ் சேலில் ஒரு ஜிக்ஸா, துண்டு சேர்த்துப் படமாக்குகிற ஆட்டம், ஆயிரம் துண்டு. பெட்டியில் படம்: மலையில் இளைப்பாறும் பயணிகள். போலந்து ஓவியர், பத்தொன்பதாம் நூற்றாண்டு. பெயர் மேலேயே விலைச் சீட்டு. உரித்ததில் பெயரும் கூடவே வந்துவிட்டது.

மலைப் படம் என்றால் மலைதான் அழகாக இருக்கும். இதில் களைப்பு அழகு. ஒரு கழுதை, மூட்டைகள், நாலைந்து பேர். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொள்கிறாள். புருஷன் போலிருக்கிறவன் நின்றுகொண்டு மேலே பாதையைப் பார்க்கிறான். உட்காரத்தான் மாட்டானா மனுஷன்!

டைனிங் டேபிளில் பரப்பியாயிற்று. இனிச் சாப்பாடு கார்ப்பெட்டில்.

மார்ச் 5, திங்கள்

வாங்க: பால், கொத்தமல்லி, நிலாவுக்கு இருமல் மருந்து.

என் வீட்டுக்காரர் சேகருக்கு (சுருக்கமாக சே.) வேலை போய் மூன்றாவது வாரம். ஹெச்-ஒன் விசா, வேலை இல்லாமல் இந்த நாட்டில் ரொம்ப நாள் உட்கார முடியாது. டெக்சாஸில் கேட்டி என்கிற ஊரிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறதாம். என்னிடம் சொல்லவில்லை. நண்பரிடம் ஃபோனில் சொன்னது காதில் விழுந்தது.

"ஆமாண்டா, மாசக் கடைசில மூவ் பண்றோம். மீனாவா? அவளுக்கென்ன, பேக் பண்றதுல எக்ஸ்பர்ட்."

எக்ஸ்பர்ட்டாம். நியூஜெர்சியில் பேக், ஆலனில் பேக், இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நிலாவுக்கு இப்போதுதான் ஸ்கூலில் ஒரு சிநேகிதி. எனக்கும் லைப்ரரியில் குழந்தைகளுக்குக் கதை படிக்கிற வேலை. சம்பளமில்லாத வேலைதான், ஆனால் ரொம்பப் பிடித்திருக்கிறது. விட்டுப் போக மனசில்லை.

சே. என்பதை இன்று சே! என்று படித்தாலும் தப்பில்லை.

மார்ச் 7, புதன்

மேகமூட்டம். ஜிக்ஸாவில் ஓரம் முடிந்தது, கழுதையும் முடிந்தது. நிலா வந்து பார்த்தாள். "ஆர் தே லாஸ்ட், அம்மா?"

"இல்லடா, கால் வலிக்குது, உக்காந்திருக்காங்க."

"தென் ஒய் இஸ் ஹி ஸ்டாண்டிங்?"

ஐந்து வயசுக்கு நல்ல கேள்வி.

ஈரோட்டிலிருந்து அம்மா ஃபோன். லைனில் ஒரே இரைச்சல்.

"வேற ஊருக்குப் போறீங்களாமா? மாப்பிள்ளை சொன்னாரு. எந்த ஊரு கண்ணு?"

"கேட்டிம்மா."

"என்னத்தைக் கேட்டியா? நாந்தான் உன்னைக் கேக்கறேன், எந்த ஊருன்னு."

"ஊரு பேருதாம்மா கேட்டி!"

"அட, ஊரு பேரைத்தான் நானும் கேட்டேன்!"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஃபோனை வைத்ததும் அழுகை. அம்மாவுக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. ஊர் பேரே கேட்டி. என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். சே. ஊறுகாயைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மார்ச் 8, வியாழன்

லாண்டரி. நிலாவுக்கு இருமல் தேவலை. சே. டேபிள் பக்கம் வந்து, நிற்கிறவனின் தொப்பிக்கு ஒரு துண்டு பொருத்தினார்.

"இவன் பொறுப்பான ஆளு. ரூட் பாக்கறான்."

"கூட வந்தவளை ஒரு வார்த்தை கேட்டானா?"

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். உள்ளே போய்விட்டார். சொன்னதற்கு எனக்கு வருத்தமும் இல்லை.

மார்ச் 9, வெள்ளி

நல்ல வெயில், ஜன்னலெல்லாம் திறந்தாயிற்று. சாயங்காலம் துணிக்கூடையோடு வந்தால் சே. டேபிள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"மீனா, கேட்டில திங்கக்கிழமை வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். நீ சொல்லு. போலாமா, வேணாமா? வேணாம்னா இங்கயே ட்ரை பண்றேன். கஷ்டம்தான், ஆனா பண்றேன்."

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை கோபமும். கோபப்பட்டுக்கொண்டே இருந்ததில் பதிலை யோசிக்கவே மறந்துவிட்டேன்.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார்.